பனியாறுகள் கற்பித்த காலநிலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துச் சிலர் புன்னகைத்திருப்பீர்கள். உதகையில் சில விடியற்காலைகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்குமே, அந்த உறைபனிக்கு மேல் தமிழ்நாட்டுக்குப் பழக்கமில்லை. பனியாற்றைப் பற்றி இந்த ஊரில் ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

புவி வெப்பமாதலைப் பற்றிய அறிவியல் ஆலைப் புகையைக் கண்டு கவலைப்பட்டவர்களிடம் பிறந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அது பிறந்தது வேறிடத்தில். பனியாறுகள் ஒரு காலத்தில் ஏன் அவ்வளவு தூரம் பரவிக் கிடந்தன, பிறகு ஏன் பின்வாங்கின என்று கேட்டவர்கள்தாம் அதைத் தொடங்கிவைத்தார்கள். இது முதற்காரணம். பனியாறு காலநிலைக்கு ஆட்பட்டு உருகும் பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே காலநிலையை ஆட்டுவிக்கவும் செய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இது இரண்டாவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பனியே விழாத நம் நிலத்துக்கும் இதில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது விளங்கும்.

1. மலைவாசி கேட்ட கேள்வி

சுவிட்சர்லாந்தின் தெற்கே ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவில் வாலே என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பான்யு பள்ளத்தாக்கில் வாழ்ந்த ழான் பியர் பெரோடன் மலையாடு வேட்டைக்காரர். கல்லூரி வாசல் மிதிக்காதவர். பனியாற்றிலிருந்து வெகு தொலைவில், பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், அந்த இடத்துக்குச் சற்றும் பொருந்தாத கருங்கற்பாறைகள் கிடப்பதையும், சுற்றியிருந்த பாறைகளில் ஒரே திசையில் கீறல்கள் ஓடுவதையும் அவர் பார்த்துவந்தார். பனியாற்றின் ஓரத்தில் நாள்தோறும் காணும் கற்களும் கீறல்களும் இதே சாயலில் இருந்தன. ஆகவே பனியாறு ஒரு காலத்தில் இங்குவரை வந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். 1815-இல் இதை உப்புச் சுரங்க இயக்குநரும் நிலவியல் அறிஞருமான ஷார்பாந்தியேயிடம் சொன்னார். ஷார்பாந்தியே நம்பவில்லை. பெருவெள்ளம்தான் பாறைகளை உருட்டிவந்தது என்பது அன்றைய படித்தவர்களின் கருத்து.

அதே 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் கந்தகப் புகையும் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரவி வெயிலை மறைத்தன. 1816-இல் ஐரோப்பாவில் கோடை என்று சொல்லும்படி ஒரு கோடையே இல்லை. விளைச்சல் பொய்த்தது, ஆல்ப்ஸ் பனியாறுகள் முன்னேறின. பான்யு பள்ளத்தாக்கில் ஜியேத்ரோ பனியாறு பெரும் பனிக்கட்டிகளைச் சரித்துத் திரான்ஸ் ஆற்றை அடைத்தது. அடைப்புக்குப் பின்னால் ஓர் ஏரி உருவாயிற்று. 1818-இல் மாநிலப் பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ் பனி அணையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, நீரைச் சிறிது சிறிதாக வடிக்கப் பாடுபட்டார். ஒரு பகுதி நீர் வடிந்தது. ஜூன் 16 அன்று அணை உடைந்தது. மிச்சமிருந்த வெள்ளம் ஊர்களை வாரிச் சென்றது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள்.

பனியாறு இவ்வளவு விரைவில் பெருகவும் குறையவும் கூடும் என்பதை வெனெட்ஸ் அந்தப் பணியில் நேரில் கண்டார். பெரோடனின் கருத்து அவருக்குப் பொருளுள்ளதாகத் தோன்றியது. அவர் சான்றுகளைத் திரட்டி ஷார்பாந்தியேயை மாற்றினார். ஷார்பாந்தியே லூயி அகாசியை மாற்றினார். அகாசி அப்போது புதைபடிவ மீன்களில் பெயர்பெற்ற இளம் அறிஞர். 1837 ஜூலையில் நியூசாட்டெல் நகரில் சுவிஸ் இயற்கை அறிவியல் சங்கம் கூடியபோது, மீன்களைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்த அவையில் அவர் பனிக்காலத்தைப் பற்றிப் பேசினார். அவையினர் கொதித்தார்கள். ஹம்போல்ட் போன்ற பெரியவரே மீன்களிடம் திரும்பிப் போகச் சொல்லி அறிவுரை எழுதினார். அகாசி போகவில்லை. பனியாற்றின் மேலேயே ஒரு பாறையடியில் தங்கி அதன் நகர்வை அளந்தார். 1840-இல் தம் நூலை வெளியிட்டார்.

ஒரு மலைவாசியின் கண்ணில் பட்ட உண்மை கற்றோர் அவையை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பனியாற்றுக்கு அருகில் வாழ்பவர்கள் முதலில் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்வது ஏட்டில் ஏறக் காலம் பிடிக்கிறது. இந்த இடைவெளி இன்றும் மூடவில்லை.

2. பனிக்காலத்தைத் தேடிப்போனவர்கள் கண்ட கரியமில வாயு

பனிக்காலம் இருந்தது என்று ஒப்புக்கொண்டதும் அடுத்த கேள்வி எழுந்தது: பூமி ஏன் குளிர்ந்தது, ஏன் மீண்டும் வெதுவெதுப்பாயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டு இதற்கு இரண்டு திசைகளில் விடை தேடியது.

ஒன்று வானத்தை நோக்கிய திசை. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் குரோல் முறையான உயர்கல்வி பெறாதவர். ஆலை எந்திரம் பழுதுபார்த்தார், தேநீர்க் கடை வைத்தார், காப்பீட்டு முகவராக அலைந்தார். 1859-இல் கிளாஸ்கோவில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தின் காவலாளானார். சம்பளம் குறைவு, ஆனால் பக்கத்தில் நூலகம் இருந்தது. பூமியின் சுற்றுப்பாதை பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் வெயிலின் பங்கீடு மாறுகிறது என்பதைப் பனிக்காலத்தோடு 1864-இல் அவர் இணைத்தார். சுற்றுப்பாதை தரும் வேறுபாடு சிறியதுதான் என்பது அவருக்குத் தெரியும். பனி பரவினால் வெயில் அதிகமாகத் திருப்பி அனுப்பப்படும், அதனால் மேலும் குளிரும், மேலும் பனி சேரும் என்ற சங்கிலியை அவர்தாம் கோத்துக் காட்டினார். பனியைக் காலநிலையின் காரணங்களுள் ஒன்றாக வைத்துப் பார்த்த முன்னோடி அவர்.

குரோலின் கணக்கில் ஒரு குறை இருந்தது; கடும் குளிர்காலமே பனியைப் பெருக்கும் என்று அவர் எண்ணினார். இருபதாம் நூற்றாண்டில் செர்பியக் கணித அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் அதைத் திருத்தினார். குளிர்காலத்தில் பனி எப்படியும் விழும். அது கோடையைத் தாண்டி நிற்கிறதா என்பதே கேள்வி. வடக்கே 65 பாகை அட்சரேகையில் கோடை வெயில் மந்தமாக இருந்தால் பனி ஆண்டுக்கு ஆண்டு மிஞ்சும். முதல் உலகப் போரின்போது பகைநாட்டுக் குடிமகன் என்று பிடிபட்டு, புடாபெஸ்ட்டில் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளையும் அவர் இந்தக் கணக்குக்கே செலவிட்டார். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் ஆழ்கடற் படிவுகளிலிருந்து அவருடைய காலச்சுற்றுகளை உறுதிசெய்தார்கள்.

மற்றொரு திசை காற்றை நோக்கியது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் ஜான் டிண்டல் சிறந்த மலையேறி. ஆல்ப்ஸ் பனியாறுகளின் நகர்வைப் பற்றி நூலே எழுதியவர். 1859-இல் அவர், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். இவ்வாயுக்களின் அளவு மாறினால் நிலவியலார் கண்ட காலநிலை மாற்றங்களெல்லாம் நிகழ்ந்திருக்கலாம் என்று கருதினார். சூரிய ஒளியில் வைத்த கண்ணாடிக் குழாய்களில் கரியமில வாயு அதிகம் சூடேறுவதை அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் 1856-இலேயே கண்டிருந்தார்.

பிறகு சுவீடனின் ஸ்வான்டே அரேனியஸ். 1896-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் கரியமில வாயுவுக்கும் பூமியின் வெப்பத்துக்கும் முதன்முதலாகக் கணக்குப் போட்டது. அவருக்கிருந்த கவலை நிலக்கரிப் புகையைப் பற்றியதன்று; பனிக்காலத்தைப் பற்றியது. கரியமில வாயு அன்றிருந்த அளவில் 55 முதல் 62 விழுக்காடாகக் குறைந்தாலே 4 முதல் 5 டிகிரி குளிர்ந்து ஐரோப்பா பனிக்குள் புதையும் என்று பல மாதங்கள் கையால் கணக்கிட்டுக் கண்டார். அதே சமன்பாட்டை மறுபக்கம் திருப்பி, வாயு இருமடங்கானால் 5 முதல் 6 டிகிரி ஏறும் என்றும் சொன்னார். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 3 டிகிரி. இன்று அரசுகள் கூடிப் பேரம் பேசும் எண்களின் வேர், பனியாற்றுப் புதிர் ஒன்றுக்காக 19-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கில் இருக்கிறது.

3. பனி எப்படிக் காலநிலையை ஆட்டுவிக்கிறது

பனியாறு இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையின் மேற்பகுதியில் ஆண்டுதோறும் வெண்பனி விழுந்து, கோடையைத் தாண்டி மிஞ்சுவது அடுக்கடுக்காகச் சேர்கிறது. மேலடுக்கின் பாரத்தால் கீழடுக்கு இறுகிக் கட்டியாகிறது. போதிய தடிமன் வந்ததும் தன் எடையாலேயே சரிவில் மெல்ல ஒழுகுகிறது. கீழ்ப்பகுதியில் அது உருகி ஓடுகிறது. அறக்கட்டளை நடத்துபவர்களுக்கு இதை விளக்குவது எளிது: மேற்பகுதியில் சேர்வது வரவு, கீழே உருகுவது செலவு, நடுவில் இருக்கும் பெரும்பனி முதல். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை ஆறு வற்றாது, முதலும் குறையாது. செலவு மிஞ்சினால் ஆற்றில் சில பத்தாண்டுகள் தண்ணீர் கூடுதலாகவே ஓடும். அது முதலை எடுத்துச் செலவழிக்கும் செழிப்பு. ஓர் உச்சத்தைத் தொட்டபின் நீர் குறையத் தொடங்கும்.

இனி அது காலநிலையில் செய்யும் வேலைகள். முதலாவது, வெயிலைத் திருப்பியனுப்புவது. புதிதாய் விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பிவிடுகிறது. வெண்பனி கரைந்து வெளிப்படும் பழைய பனிக்கட்டி அதில் பாதியைக்கூடத் திருப்பாது. திறந்த கடல் திருப்புவது ஆறேழு விழுக்காடுதான். பனி பின்வாங்கிய இடத்தில் பாறையோ நீரோ தெரிந்தால் அந்த இடமே வெப்பத்தை வாங்கத் தொடங்கிவிடும். அடுப்புகளிலிருந்தும் டீசல் வண்டிகளிலிருந்தும் வரும் கரித்துகள் பனிமேல் படிந்தாலும் இதே விளைவுதான்.

இரண்டாவது, உயரம். கிரீன்லாந்துப் பனி சில இடங்களில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தடித்தது. அதன் உச்சி குளிர்ந்த காற்றில் இருப்பதாலேயே உருகாமல் நிற்கிறது. பனி மெலிந்தால் உச்சி தாழ்கிறது. தாழ்ந்தால் வெதுவெதுப்பான காற்றுக்குள் இறங்குகிறது. இறங்கினால் மேலும் உருகுகிறது. ஓர் எல்லைக்குமேல் இந்த இறக்கத்தை நிறுத்துவது கடினம்.

மூன்றாவது, கடலோட்டம். வட அட்லாண்டிக்கில் உப்பு மிகுந்த குளிர்நீர் கனத்து ஆழத்துக்கு இறங்குவதால் பெருங்கடலின் ஒரு பெரிய சுழற்சி நடக்கிறது. பனி உருகிய நன்னீர் மேலே படர்ந்தால் கடல்நீரின் கனம் குறைந்து அந்த இறக்கம் தளரும். பனிக்காலம் முடிந்து பூமி வெப்பமாகிவந்த வேளையில், ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன், வடபுலம் திடீரென மீண்டும் குளிர்ந்தது. வட அமெரிக்கப் பெரும்பனி உருகிய நீர் அட்லாண்டிக்கில் பாய்ந்ததே காரணம் என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். அப்போது இந்தியப் பருவமழையும் நலிந்தது. மேகாலயக் குகைகளின் சுண்ணாம்புப் படிவுகள் அதற்குச் சான்று. எங்கோ வடக்கே உருகிய பனி நம் மழையில் கைவைத்திருக்கிறது.

நான்காவது வேலையை ஆட்டுவிப்பது என்று சொல்ல முடியாது, சாட்சி சொல்வது. 1952-இல் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டு தம் தோட்டத்தில் ஒரு பீர் பாட்டிலில் புனல் வைத்து மழைநீர் பிடித்தார். நீரிலுள்ள கனமான ஆக்சிஜனின் விகிதம் மேகத்தின் குளிருக்கேற்ப மாறுவதைக் கண்டார். பழைய பனியிலும் அந்த விகிதம் பதிந்திருக்குமே என்று தோன்றியது. 1966-இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் அமெரிக்கர்கள் சுமார் 1,390 மீட்டர் ஆழம்வரை துளைத்து எடுத்த பனித்தண்டில் அதை அவர் படித்துக்காட்டினார். பிரெஞ்சு அறிஞர் குளோத் லோரியுஸ் 1965-இல் அண்டார்க்டிகாவில் ஒரு மாலைப்பொழுதில் விஸ்கிக் கோப்பையில் பழம்பனிக்கட்டியைப் போட்டபோது அதிலிருந்து குமிழ்கள் வெடித்துக் கிளம்பின. அது பண்டைக் காற்றல்லவா என்ற எண்ணம் அப்போது உதித்தது. 1998-இல் வோஸ்டாக் நிலையத்தில் 3,623 மீட்டர்வரை எடுத்த பனித்தண்டு 4,20,000 ஆண்டுகளின் காற்றைக் கொடுத்தது. அடுத்து வந்த ஐரோப்பியப் பனித்தண்டு 8,00,000 ஆண்டுகளைக் கொடுத்தது. 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் ஆழத்திலிருந்து 12 லட்சம் ஆண்டுப் பழமையான பனி மேலே வந்திருக்கிறது.

அந்தக் காற்று சொன்னது இதுதான். பனிக்காலத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 180 பங்கு; இடைப்பட்ட வெப்பக் காலங்களில் 280 பங்கு. எட்டு லட்சம் ஆண்டுகளில் ஒருமுறையும் அது 300-ஐத் தாண்டி நிலைத்ததில்லை. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வானத்தைப் பார்த்த குரோலும் காற்றைப் பார்த்த அரேனியஸும் இந்தப் பனித்தண்டில் ஒன்றுசேர்கிறார்கள்: சுற்றுப்பாதை தொடங்கிவைக்கிறது, பனியும் கரியமில வாயுவும் அதைப் பெருக்குகின்றன.

4. பிளான்ஃபோர்டின் வழித்தடம்

இந்தக் கதையில் இந்தியாவுக்கு உள்ள இடத்தை ஒரே மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு சொல்லிவிடலாம். ஹென்றி பிளான்ஃபோர்டு 1855-இல் தம் அண்ணன் வில்லியமோடு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர வந்தார். அடுத்த ஆண்டு ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி வயலில், மெல்லிய களிப்படிவுக்குள் பெரும்பாறைகள் புதைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். இது பனியின் வேலையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். வெயில் கொளுத்தும் தால்ச்சேரில் பனியா என்று கேட்டவர்கள் உண்டு. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்தை ஒட்டிய கோண்டுவானாப் பெருநிலத்தின் பகுதியாக இருந்ததைப் பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் வாதாடியபோது இந்தப் பனிப்படிவுகள் அவருடைய முக்கியச் சான்றுகளுள் ஒன்று.

தால்ச்சேரிலிருந்து பிளான்ஃபோர்டு நம் பக்கம் வந்தார். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரட்டேசியப் பாறைகளைப் பற்றி 1862-இல் வெளிவந்த ஆய்வு அவருடையது. அரியலூர்ப் புதைபடிவங்களைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைத் தொடாமல் இருக்க முடியாது. 1875-இல் அவர் இந்திய அரசின் வானிலைத் துறைக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. மழையை முன்கூட்டி அறிய முடியுமா என்பது அரசாங்கத்தின் அவசரக் கேள்வியாயிற்று.

பிளான்ஃபோர்டு இமயத்தைப் பார்த்தார். அங்கே குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வெண்பனி மிகுதியாக விழுந்த ஆண்டுகளில் சமவெளியில் மழை குறைவதைக் கண்டு, 1884-இல் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். காரணம் விளங்கக்கூடியதே. பருவக்காற்றை இழுப்பது சூடேறிய நிலம். பனி மூடிய நிலம் வெயிலைத் திருப்பிவிடுகிறது. மிஞ்சிய வெயிலும் பனியை உருக்குவதில் செலவாகிறது. நிலம் சூடேறத் தாமதமாகிறது. இதை அடிப்படையாகக் கொண்டு 1886-இல் இந்தியாவின் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. 1976-இல் ஹான், சுக்லா இருவரும் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு இதே உறவை யூரேசியாவின் பனிக்கும் காட்டினார்கள். இன்று மழைக் கணிப்பில் பசிபிக் கடலின் எல் நினோ முன்னே நிற்கிறது. பனியின் உறவு எல்லாப் பத்தாண்டுகளிலும் ஒரே வலுவோடு இருக்கவில்லை. ஆனாலும் பனிக்கும் குடகில் பெய்து காவிரியில் இறங்கும் மழைக்கும் தொடர்பு தேடலாம் என்ற எண்ணத்துக்கு நூற்று நாற்பது ஆண்டு வயதாகிறது. பிளான்ஃபோர்டு பார்த்தது ஆண்டுதோறும் விழுந்து கரையும் வெண்பனியை. நிலைத்து நிற்கும் பனியாற்றை அளக்கும் வேலை பின்வந்தவர்களுக்குக் காத்திருந்தது.

5. மூங்கில் கழியும் ஏரிக் கரையும்

பனியாற்றின் வரவு செலவை அளக்கும் முறை மிக எளியது. பனியில் ஆழத் துளையிட்டுக் கழிகளை நடுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்து கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்க்கிறார்கள். சுவீடனின் ஸ்டோர்கிளேசியாரன் பனியாற்றில் இந்த அளவீடு 1940-களின் நடுவிலிருந்து விடாமல் நடக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல்-ஸ்பிதி மாவட்டத்தில், சந்திரா ஆற்றுப் படுகையில், சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் தொடர்ந்து அளக்கிறார்கள். அங்கே நடப்படுபவை மூங்கில் கழிகள். ஆயிரக்கணக்கான பனியாறுகள் உள்ள இமயத்தில் இப்படி நீண்ட காலம் தொடர்ந்து அளக்கப்படுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அளவீடு மெலிந்த இடத்தில் வதந்தி புகும். 2007-இல் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் அறிக்கையிலேயே, 2035-க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி நுழைந்துவிட்டது. அதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. 2010 ஜனவரியில் குழு தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வரியைக் காட்டி உருகுதலே பொய் என்று பேசியவர்கள் செய்தது அதைவிடப் பெரிய பிழை. 2000 முதல் 2023 வரை உலகின் மலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்தன. மொத்தத்தில் 5 விழுக்காடு போய்விட்டது. இந்துகுஷ்-இமயத்தில் 2011-2020 பத்தாண்டில் இழப்பு, முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகம் கொண்டது.

இமயத்தை ஒரே பொருளாகப் பேசுவதும் தவறு. காரகோரத்தின் பனியாறுகள் சில பத்தாண்டுகள் குறையாமலும், சில இடங்களில் முன்னேறியும் நின்று ஆய்வாளர்களை வியக்கவைத்தன. மெல்லிய கல்தூசு படிந்த பனி வேகமாக உருகும். தடித்த கற்குவியல் மூடிய பனி மெதுவாக உருகும். சிந்துவின் மேற்படுகை உருகுநீரைப் பெரிதும் நம்பியிருக்கிறது. கங்கைச் சமவெளியில் ஓடும் நீரில் பெரும்பங்கு பருவமழையினுடையது. கங்கோத்ரி மெலிந்தால் கங்கை அடியோடு வற்றிவிடும் என்பது மிகை. மழையற்ற மாதங்களில் மேற்படுகை ஊர்களுக்குப் பெருந்தவிப்பு வரும் என்பது உண்மை.

அதற்கு முன்பே வரும் ஆபத்து வேறு. பனியாறு பின்வாங்கும்போது, அது தள்ளிவைத்த கல்மண் கரைக்குப் பின்னால் ஏரிகள் பெருகுகின்றன. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்குள் உறைந்த மண்சரிவு இறங்கியது. எழுந்த அலை கரையை உடைத்தது. கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணை அடித்துச்செல்லப்பட்டது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில், ரோந்தி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் இடிந்து விழுந்து, இரண்டு நீர்மின் திட்டங்களைப் புதைத்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். பலர் அங்கே வேலைக்கு வந்த தொழிலாளர்கள்.

இதோடு ஒன்றை ஒப்பிடுங்கள். பெரோடன் வாழ்ந்த அதே வாலே மாநிலத்தில், 2025 மே 28 அன்று, பிர்ச் பனியாறு இடிந்து பிளாட்டன் என்ற ஊரின் பெரும்பகுதியை மூடியது. மேலேயிருந்த மலைமுகட்டின் பாறைகள் பனியாற்றின்மேல் குவிந்துகொண்டிருந்ததைக் கண்காணித்தவர்கள் கண்டுகொண்டதால், அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஏறத்தாழ 300 பேரும் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஊர் போயிற்று, ஓர் உயிர் தவிர மற்றவர்கள் பிழைத்தார்கள். 1818-இல் அதே மாநிலம் 40 பேரை இழந்தது. நடுவில் இருப்பவை இருநூறு ஆண்டுகளின் அளவீடும், அளந்தவர் சொல்லைக் கேட்டு நடக்கும் நிர்வாகமும்.

6. நம் கடற்கரையின் பங்கு

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்நீரில் ஒரு பகுதி வடபுலப் பனியாகக் கரையேறி நின்றது. கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அன்று தரை. இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். பனி உருகிய பிறகே கடல் ஏறி இன்றைய கரையை வரைந்தது. இலக்கிய மரபு பேசும் கடல்கோள்களோடு இதை அவசரமாக முடிச்சுப்போட வேண்டாம், காலக்கணக்கு வேறு. நம் கடற்கரையின் வடிவமே தொலைதூரப் பனியின் கைவேலை என்பது போதும்.

1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. நெடுங்காலம் இதில் கடல்நீர் வெப்பத்தால் விரிவதே பெரும்பங்காகப் பேசப்பட்டது. 2006-க்குப் பின் பனி உருகுவதே முதற்காரணமாகிவிட்டது. மலைப் பனியாறுகள் முழுதும் கரைந்தாலும் ஏறுவது அரை மீட்டருக்குள்தான். கிரீன்லாந்தில் 7 மீட்டருக்கும், அண்டார்க்டிகாவில் ஏறத்தாழ 58 மீட்டருக்கும் உரிய பனி இருக்கிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. அண்டார்க்டிகாவின் பெரும்பனி தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். அருகில் கடல் தாழும், தொலைவில் சராசரியைவிட அதிகமாக ஏறும். துருவத்திலிருந்து எட்ட இருப்பதால் நமக்குப் பாதுகாப்பு என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எட்ட இருப்பவர்களுக்கே கூடுதல் பங்கு.

7. எவ்வளவு மிஞ்சும் என்பது

இனி என்ன என்ற கேள்விக்குக் கணிப்புகள் ஒரே விடை சொல்லவில்லை; ஒரு வீச்சைச் சொல்கின்றன. வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நின்றால் இந்த நூற்றாண்டின் முடிவில் மலைப் பனியாறுகளில் எண்ணிக்கையால் பாதியும் எடையால் ஏறத்தாழ கால் பங்கும் போய்விடும். 4 டிகிரி ஆனால் எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கும் எடையில் ஐந்தில் இரண்டு பங்கும் போகும் என்கிறது 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. சிறு பனியாறுகளில் பலவற்றைக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டது. பெரியவற்றில் எவ்வளவு நிற்கும் என்பது இன்னும் நம் தலைமுறையின் கையில் இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்பதும் ஒன்றும் ஆகாது என்பதும் இந்த எண்களைப் படிக்காதவர்களின் பேச்சு. ஒவ்வொரு கால் டிகிரிக்கும் தனிக் கணக்கு உண்டு.

ஐக்கிய நாடுகள் அவை 2025-ஐப் பனியாறுகள் பாதுகாப்பு ஆண்டாக அறிவித்து, மார்ச் 21-ஐ அதற்குரிய நாளாக்கியிருக்கிறது. நாள் கொண்டாடுவது எளிது. நான் கேட்பது வேறு. இந்தப் பேச்சில் வந்த அறிவு முழுவதும், பலன் தம் காலத்தில் வராது என்று தெரிந்தும் அளந்துகொண்டே இருந்தவர்கள் தந்தது. பனியாற்றுத் தரவுகளைப் பன்னாட்டளவில் திரட்டும் பணி 1894-இல் தொடங்கியபோது, அது எதற்குப் பயன்படும் என்பது தொடங்கியவர்களுக்கே தெரியாது. நம் கல்லூரிகளில் ஆய்வுத் திட்டங்களுக்கு மூன்றாண்டு ஆயுள்; நிதி முடிந்ததும் கருவி துருப்பிடிக்கிறது. இமயத்தில் கழி நடுவதற்கும், பாக் நீரிணையின் கடல் மட்டத்தைக் குறிப்பதற்கும், காவிரிப் படுகையின் கிணறுகளில் நீர்மட்டம் பார்ப்பதற்கும் தேவைப்படும் ஒழுக்கம் ஒன்றுதான்: ஒரே இடம், ஒரே முறை, ஆண்டு தவறாமை.

மாணவர்களே, இந்தப் பல்கலைக்கழகம் அப்படி ஓர் அளவீட்டையேனும் முப்பது ஆண்டுகள் விடாமல் நடத்தட்டும் என்று உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள். எதை அளப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். அதற்கு முன் கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் வாழ்பவர்களிடம் எதைப் பார்த்துவருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறக்கட்டளைகள் நிதி கொடுக்க வேண்டிய இடமும் அதுவே என்று, இந்த மேடையைத் தந்தவர்களிடம் உரிமையோடு சொல்லி முடிக்கிறேன்.